கல்யாணத்தை மறைக்கச் சொன்னவர்

டொராண்டோ

அன்புள்ள அத்தானுக்கு, கீர்த்திகா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று காரைக்கால் விசா ஏஜென்ட் எனக்குப் போன் செய்தார். "கல்யாணம் ஆனதைச் சொல்லாம சார் விசிட்டர் விசாவுல வரட்டும்மா. அப்புறம் அங்கயே தங்கிக்கலாம்" என்றார்.

"இதையே எழுதிக் கொடுங்க" என்றேன். உடனே வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் என் நம்பரை அவருக்கு யார் கொடுத்தது? அவரை நம்பாதீர்கள். பொய் பிடிபட்டால் நாம் சேர்வதே கஷ்டமாகிவிடும். எனக்குத்தான் இங்கே நிரந்தரக் குடியிருப்பு கிடைத்துவிட்டதே, கணவர் என்று சொல்லியே உங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். தாமதமானாலும் பரவாயில்லை. அவரிடம் கொடுத்த பாஸ்போர்ட்டை இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள்.

கல்யாணப் படங்களை அனுப்புங்கள். நீங்கள் தனியாக நிற்கும் படம் ஒன்றும் வேண்டும். அது விண்ணப்பத்துக்கு இல்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் கீர்த்திகா