கழுத்துக்குள் நாலு டிரைவர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று வழக்கம்போல் தொடங்கப் போனேன், பேனா நின்றுவிட்டது. அம்மா நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், எனக்கும் நாக்கு குழறும். பதற்றத்தில் எதையாவது விட்டுவிடாமலிருக்க முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அம்மாவுக்கு வந்திருப்பது என்ன.
2. அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறார்கள்.
3. பயம் எனக்கு மட்டும்தான், அம்மாவுக்கு இல்லை.
4. நீ செய்ய வேண்டியது.

குக்கரைத் தூக்கியதற்கே அம்மாவின் மணிக்கட்டில் விரிசல் விட்டது உனக்குத் தெரியும். எலும்பில் பலமில்லை என்றார்கள், நானும் காலையும் மாலையும் பாலைக் காய்ச்சிக் கொடுத்துவந்தேன். பிறகு ரத்தப் பரிசோதனையில் கால்சியம் அதிகம் என்று வந்ததும், பால் வேலை செய்கிறது என்று பூரித்துப்போய் மருந்துக்கடைக்காரரிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "சார், இது சந்தோஷப்படுற நம்பர் இல்ல, நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்றார். டாக்டரம்மா கழுத்தைப் படம் வரைந்து காட்டினார், எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், பிசகு இருக்கலாம். தைராய்டு சுரப்பியின் முதுகில் அரிசி அளவில் நாலு குட்டிச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். தைராய்டுக்கு அடுத்த வீடு, அவ்வளவுதான், வேலை வேறு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை ஒரு ஹார்மோனைச் சுரந்து ரத்தத்திலேயே விடுகின்றன. அது போய் எலும்பிடம் கொஞ்சம் கொடு என்கிறது, சிறுநீரகத்திடம் வெளியே விடாதே என்கிறது. போதுமான அளவு வந்ததும், மாடித்தொட்டி நிரம்பினால் மிதவை எழும்பி மோட்டாரை நிறுத்துவதுபோல, சுரப்பதும் அடங்கிவிட வேண்டும். அம்மாவுக்கு நாலில் ஒன்று பருத்துப்போய் அடங்க மறுக்கிறது. தொட்டி நிரம்பி வழிகிறது, எலும்பு கரைகிறது. அவளுடைய அசதி, மறதி, சிடுசிடுப்பு எல்லாம் இதனால்தானாம். நான் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "கழுத்துக்குள்ள நாலு டிரைவர், ஒருத்தன் மட்டும் ஸ்டாப்புல நிறுத்தாமப் போறான், அவனை வண்டியை விட்டு இறக்கணும், அவ்வளவுதானே டாக்டர்" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். பேருந்து நிலையத்தில் அத்தனை வருஷம் மைக் பிடித்து அறிவிப்பு சொன்னவள் வேறு எப்படிப் பேசுவாள்.

அந்த ஒன்றை அறுத்து எடுத்துவிடப்போகிறார்கள். இது ஓயாமல் சுரந்ததால் மற்ற மூன்றும் வேலையில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கின்றனவாம். அவை விழித்துக்கொள்ளும்வரை கால்சியம் குறைந்து உதட்டோரம் மரமரக்கலாம், அதற்கு மாத்திரை உண்டு. அதுவல்ல என்னைத் தூங்கவிடாதது. குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியை உரசிக்கொண்டே போகிறதாம். "நூத்துல ஒருத்தருக்குக் குரல் மாறலாம், முக்கால்வாசி சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. நான் அந்த ஒருத்தரை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பயத்துக்கும் ஒரு சுரப்பிதான் காரணம் என்று படித்தேன். சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கிறது, அட்ரினல். புலி துரத்தினால் ஓடுவதற்காகச் சுரப்பது, எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தாலே சுரந்துவிடுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, இந்தத் தாளிலும் ஈரம் தெரியும். அம்மாவோ, "முதல்ல உங்க சுரப்பியைத்தான் எடுக்கச் சொல்லணும்" என்று கேலி செய்கிறாள். ஆஸ்பத்திரிக்கான பையைக்கூட இப்போதே கட்டி வைத்துவிட்டாள். சாப்பாடும் தூக்கமும் அவளுக்குக் குறையவில்லை. அவள் தைரியம் எனக்குக் கால்வாசி இருந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் சின்னதாக இருந்திருக்கும்.

நீ செய்ய வேண்டியது அதிகமில்லை. அலறியடித்துக்கொண்டு கிளம்பாதே, புது வேலையில் லீவு கேட்டுச் சங்கடப்படாதே. நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வருமாம், உனக்கும் ஒருமுறை கால்சியம் பார்த்துக்கொள், மறந்துவிடாதே. இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு. உறையை ஒட்டப் பசை எடுக்கப் பின்னறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா பீரோவைப் பார்த்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "வாலு எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் நீ பஸ்களுக்கு நடுவே போய் ஒளிந்துகொள்வாயே, அப்போது மைக்கில் கூப்பிடுவாளே, அதே வாசகம். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். மறுபடியும். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். அவள் கூப்பிட்டது உனக்கு அங்கே கேட்டிருக்காது என்பதால் எழுதுகிறேன். மேலே வரிசையில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.