மேடை ஏறிய கால்

மச்சான், நேற்று கிள்ளான் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி என் குதிகால் புண்ணின் பிளாஸ்திரியை உரித்தாள். குப்பென்று அந்த வாடை. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் கால் வாடை எனக்குத் தெரியாதா?

அப்போது நீ லோரி ஓட்டினாய், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாயை ஓட்டினேன். உன் உள்ளங்காலில் இனிப்புநீர்ப் புண். இதே கிளினிக்குக்குத்தான் கழுத்தில் டை கட்டிய அந்த மருந்துக் கம்பெனிக்காரன் வந்தான். அவன் கம்பெனியின் புதுப் பிளாஸ்திரி, ஒட்டினால் உள்ளே கூழாகிப் புண்ணை ஈரமாகவே வைத்திருக்குமாம். "இன்னும் கடைக்கு வரல அங்கிள். உங்களுக்குச் சும்மா." வாரந்தோறும் ஒட்டினான், வாரந்தோறும் படம் பிடித்தான்.

"செத்த எலி மாதிரி நாறுதே, தம்பி."

"அப்படின்னா வேலை செய்யுது லா, அங்கிள்."

அதில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை. புண் சுருங்கிக்கொண்டே வந்தது.

பிறகு கோலாலம்பூர் ஓட்டலில் அந்தப் பிளாஸ்திரிக்கு அறிமுக விழா. காலுக்குச் சொந்தக்காரன் போகாமல் எப்படி என்று சட்டைக்கு இஸ்திரி போட்டாய். வாசலில் அவனே மறித்தான்: "டாக்டர்மாருக்கு மட்டும், அங்கிள்." கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தோம். திரையில் உன் கால், லோரி அளவுக்கு. கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். "நகத்தயாவது வெட்டியிருக்கலாம்டா" என்றாய்.

சரக்கு கடைக்கு வந்ததும் சும்மா கொடுப்பது நின்றது. "இப்ப பார்மசியில கிடைக்குதே, வாங்கிக்குங்க." உன் சம்பளத்துக்கு அது எட்டுமா? பழைய பஞ்சுக்கே திரும்பினாய். புண்ணும் திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே முழுதையும் கேட்டு வாங்கிக்கொண்டது. அவன் மேனேஜர் ஆனான். உன் காலில் ஏறித்தான் போனான்.

வார்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான் பார், வெட்கங்கெட்டவன். கழுத்தில் கேமரா. வெட்டின இடத்துக்கும் ஏதோ புது மருந்து இருக்கிறதாம். நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "கால் முடிஞ்சுபோச்சு. இந்தத் தடவ மூஞ்சிய எடு, தம்பி" என்றாய். அவன் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பழத்தை வைத்துவிட்டு நழுவினான். நாம் உரித்துத் தின்றோம். அதுவும் புளிப்பு.

நீ கண்ணை மூடிய பிறகு டைகள் மாறியிருக்கின்றன, வாய் மாறவில்லை. எவனாவது புதுச் சரக்கோடு வந்து யார் காலையாவது படமெடுக்கக் குனிந்தால், வரிசையை விட்டு எழுந்து போய்க் கேட்கிறேன்: "கடைக்கு வந்த பிறகும் இவங்களுக்குக் குடுப்பியா, பாஸ்?"

பிறகு காலுக்குச் சொந்தக்காரியிடம் திரும்பி, "பதில் வர்ற வரைக்கும் காலை மூடி வைங்க, அக்கா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.