மைக்கில் விழுந்த உன் குரல்

ஸ்ட்ராவ்கோ,

பீன்ஸ் சூப் அடுப்பு மேல இருக்கு. கீழ்வீட்டு ஸ்டானிமிர் ஏணி கேட்டு வருவாரு, குடுத்துடு.

இன்னைக்குப் பேச்சுக்கு டேப்லெட்டையும் ஸ்டாண்டையும் எடுத்துட்டு நானே நூலகத்துக்குப் போறேன். போன தடவை நான் டான்யூப் ஆத்து மீன்களைப் பத்திப் பேசினப்ப நீதான் லைவ் போட்டே. டேப்லெட் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "இவ எப்ப முடிப்பாளோ"ன்னு நீ முணுமுணுத்தது என் பேச்சைவிடத் தெளிவாப் போயிருக்கு. டொரன்டோவுல என் தங்கை கேட்டுட்டுச் சிரிச்சா. அதனாலதான் இத்தனை நாளா உன்கூடப் பேசல.

அந்த இடத்தை வெட்டி எடுக்கலாம்னு இன்னைக்குக் காலைல பதிவை முழுசாக் கேட்டேன். கடைசில கேக்க வந்தவங்கள்ல அந்த வக்கீல் ஏடாகூடமா ஒரு கேள்வி கேட்டு, நான் பதில் வராம முழிச்சேன்ல? அப்ப நீ மெதுவா, "சொல்லு விஹ்ரா, உனக்குத் தெரியும்"னு சொல்றே. மேடைல இருந்த எனக்கு அது கேக்கவே இல்ல.

அதை வெட்டல. முன்னாடி சொன்னதை மட்டும் வெட்டிட்டேன்.

ஆறு மணிக்கு ஆரம்பம். டேப்லெட் பக்கத்துல உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கறேன். வந்தா வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கோ.

விஹ்ரா

பி.கு. காலர்ல மாட்டுற மைக் வாங்கிட்டேன். இனி நீ என்ன வேணா முணுமுணுக்கலாம். இன்னைக்கும் பேச்சு நீளம்தான்.