நான்கு மெஷினிலும் உப்பு

ஜூன் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சென்னையிலிருந்து தீவுக்கு வரும் கப்பல் இன்னும் வரவில்லை. துணி எதுவும் காயவில்லை.

ஆஸ்பத்திரி டயாலிசிஸ் மெஷின் நான்கையும் நான் சரிபார்க்கும் நாள். நேற்று வாப்பா மறுபடி கேட்டார், "அந்த மீட்டரு என்னத்தத்தான் அளக்குது?" தண்ணீரில் உப்பு கூடினால் கரண்ட் நன்றாகப் பாயும், பாய்வதை வைத்து உப்பைச் சொல்லும் என்றேன். ரத்தத்தைக் கழுவும் தண்ணீர். பிசகக் கூடாது.

கை மீட்டரை உப்பளவு தெரிந்த அளவுத் திரவத்தில் முக்கி, பாட்டிலில் போட்டிருக்கும் 14.0-க்குத் திருத்தினேன். பிறகு மெஷின்கள். அவை 14.0 காட்டின, என் மீட்டரில் 13.2. நான்கிலும். என் மீட்டரில் 14.0 வரும்வரை நான்கிலும் உப்பை ஏற்றினேன்.

நான்கும் ஒன்றுபோலத் தவறுமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெளியே மதிய ஷிஃப்ட் நோயாளிகள் காத்திருந்தார்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 11, புதன்

மழை. சந்தனம் அண்ணன் போன டயாலிசிஸுக்குப் பிறகு உடம்பில் நாலு கிலோ நீர் ஏறி வந்தார். வழக்கம் ஒன்றரை. பி.பி. 180. கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்காரர், டயாலிசிஸுக்காகவே மனைவியோடு இங்கே டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஓர் அறையில் இருக்கிறார்.

டாக்டர் சத்தம் போட்டார். "பானி பந்த் கரோ. தண்ணி குடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

டாக்டர் நகர்ந்ததும் அண்ணன் என்னிடம்: "தாகம் அடங்கலங்க தங்கச்சி. குடிச்சாலும் அடங்கல. இந்த மெஷினு ஏதோ மாறிப்போச்சு."

"மெஷின நாந்தான் பாத்தேன் அண்ணே. நீங்க குடிக்கிறதுக்கு அத சொல்லாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன். குடை ரிப்பேர்.

ஜூன் 12, வியாழன்

மின்னி பே பகுதியிலிருந்து டயாலிசிஸுக்கு வரும் டீச்சருக்குத் தலைவலி. பி.பி. 170, இரண்டரை கிலோ ஏற்றம். ரிட்டயரானவர், தனியாக இருக்கிறார், அரை டம்ளர்கூட மிஞ்சிக் குடிக்காதவர். அவருக்கும் தாகம். இன்னும் இரண்டு பேருக்கும்.

புழுக்கத்தால் என்றார் டாக்டர். இருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

ச. அண்ணன் பி.பி. 210. அவர் மனைவி மாரியாயி அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "குடத்தப் பூட்டி சாவிய மடியில வெச்சிருக்கேங்க. நேத்து பாத்தா, தகரத்துல வழியிற மழத்தண்ணிக்கு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறாரு." அண்ணன் தலையைத் தூக்கவில்லை. மெஷின் 2-இல் அவரை நான்தான் போட்டேன்.

எல்லோரும் போன பிறகு அளவுத் திரவ பாட்டிலை எடுத்தேன். மூடி மேலோடு உட்கார்ந்திருந்தது, திருகவில்லை. மார்ச்சில் திறந்தது. தண்ணீர் ஆவியாகிப் போயிருந்தால் உப்பு உள்ளேயே நிற்கும். அப்போது அது 14.0 இல்லை. அதற்கு மேல்.

புது பாட்டில் இன்னும் வராத கப்பலில். டாக்டருக்குப் போன். "சந்தேகத்துக்கெல்லாம் மெஷின நிறுத்த முடியாது, நூர்."

ஜூன் 14, சனி

தண்ணீர் பரிசோதிக்கும் லேப் திறக்கும்வரை வாசலில் நின்றேன். சீல் உடைக்காத பாட்டில் கொடுத்தார்கள். அதில் 12.88 என்று இருக்கிறது. என் மீட்டரில் 12.2.

மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. அதை நம்பி நான்கு மெஷினிலும் உப்பைக் கூட்டியது நான். எல்லோருக்கும் தாகம் அந்த உப்பால்தான்.

ஆட்டோ. ஓட்டம். காலை ஷிஃப்ட் நால்வரையும் கழற்றச் சொன்னேன். டாக்டர் கதவைச் சாத்தினார். "மெஷின சரி பண்ணிடு. ரெஜிஸ்டர் மே மத் லிக்னா." எழுதாதே என்கிறார். எழுதினேன், அவர் முன்னாலேயே, என் பெயர் போட்டு.

11 மணிக்கு ச. அண்ணனைத் தூக்கி வந்தார்கள். பல் துலக்கும்போது விழுந்தாராம். மூளையில் ரத்தக் கசிவு. வலது கையும் காலும் வரவில்லை. உயிர் இருக்கிறது, பேச்சுக் குழறல்.

ஐ.சி.யூ. வாசலில் மாரியாயி அக்கா. "சொல்பேச்சு கேக்காம குடிச்சதுனாலதான் இப்படி ஆயிருச்சுங்களா?"

இல்லை அக்கா என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், மூடி, மீட்டர், நான். அடிப்பார் என்று நினைத்தேன். அக்கா கேட்டார்:

"அந்த மெஷின்ல இன்னும் எத்தன பேருங்க?"

"அண்ணனோட சேத்து பதினாறு."

"அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?"

காலை நால்வருக்குத் தெரியும். மீதிப் பதினொன்று. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டேன். பத்துப் பேர் எடுத்தார்கள், உடனே வரச் சொன்னேன். டீச்சர் எடுக்கவில்லை. மூன்று தடவை. ஆட்டோ பிடித்து மின்னி பே போனேன், வழியெல்லாம் மழை. கதவைத் தட்டினேன். சத்தமில்லை. மறுபடி தட்டினேன்.

டீச்சரே திறந்தார். கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு. கையில் செம்பு. எத்தனையாவது செம்பு தண்ணீர் என்று கேட்டேன். "எண்ணலம்மா. என்ன மன்னிச்சிரு" என்றார், என்னிடம்.

ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு, டீச்சரின் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.