வைத்தியர் சொல்லாத ஊசி

என்மேல் கோபம் ஆறாதவளுக்கு,

வைத்தியர் இல்லாத நேரத்தில் தாதியர் எதையெல்லாம் தாமாகச் செய்யலாம் என்று விதி எழுதும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். நேற்று வவுனியாவில் கூட்டம். குளவி கொட்டி மூச்சடைத்து வருபவருக்குத் தாதியரே அட்ரினலின் ஊசி போடலாம் என்று சேர்க்கச் சொன்னேன்.

"அப்பிடி ஒரு நேர்ஸ் போட்டதுக்குப் பதிவு இருக்கோ, மிஸ்?" என்றார் தலைவர்.

இருந்தால்தானே! வைத்தியரைக் கேட்காமலே எத்தனை பேருக்குப் போட்டோம்! ஒவ்வொன்றுக்கும் கீழே "வைத்தியர் தொலைபேசியில் சொன்னார்" என்று எழுதிவைத்தோம். நாம் செய்த வேலையை நம் கையாலேயே இல்லாமல் ஆக்கியிருக்கிறோம். எரிச்சல் தாங்க முடியவில்லை.

உண்மையை எழுதியவள் நீ ஒருத்திதான். வயலில் குளவி கொட்டி வந்த ஜெயபுரத்துக் கமக்காரர் உன் ஊசியால் பிழைத்தார். "நானே போட்டேன்" என்று எழுதியதற்கு உனக்கு விசாரணை, இடமாற்றம். "உனக்கென்ன விசரோ, எல்லாரையும் போல எழுதன்" என்று கத்தியவள் நான். உன் விசாரணையில் "நான் ஒண்டும் காணேல்லை" என்றவளும் நான்.

அந்தப் பதிவைத்தான் குழுவின்முன் வைத்தேன். "இதுக்கு ஆர் சாட்சி?" என்றார்கள். "நான் கண்டனான்" என்று சொல்லி, எழுதிக் கையெழுத்தும் இட்டேன். இனி எனக்கும் விசாரணை வரும். வரட்டும்.

அன்று அந்த ஊசியை நிரப்பி உன் கையில் தந்தவள்