சாம்பியனுக்கு எந்த இடம்

அக்டோபர் 1980, சனி இரவு.

பழைய ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஓய்விலிருந்து திரும்பி வந்து தோற்றுவிட்டார். ரவுண்டு இடைவெளியில் முக்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தது. ஆபீஸில் டீ நேரம் முழுக்க இதே பேச்சு.

பக்கத்து சீட் அருளப்பன், எல்லாக் காலத்து சாம்பியன்கள் வரிசையில் அவரை மூன்றாம் இடத்துக்கு இறக்கிவிட்டான். எனக்கு வந்ததே கோபம்.

"பட்டம் போகப் போகத் திரும்பப் பிடிச்ச ஆளுய்யா. எந்தக் காலத்துக்கும் அவர்தான் முதல்."

"அப்ப இந்தத் தோல்வி, சார்?"

"அது எக்ஸ்டென்ஷன்ல வாங்கின அடி. சர்வீஸ்ல சேராது. ஆளை எடை போடறது சர்வீஸை வெச்சுத்தான்."

செக்‌ஷனே சிரித்தது. ஹெட் கிளார்க்கும் தலையாட்டினார். நான் ஜெயித்துவிட்டேன். அப்போது அருளப்பன் டம்ளரை வைத்துவிட்டு, குத்தல் எதுவும் இல்லாமல், அக்கறையாகவே கேட்டான்: "உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் வந்துடுச்சா, சார்?"

தை மாதம் எனக்கு ரிட்டயர்மென்ட். இன்னும் ஒரு வருஷம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.

பஸ் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை யோசித்தேன். என் வாதத்தில் ஓட்டையே இல்லை. யார் கேட்டாலும் அவர்தான் முதல். ஆனால் போதும் என்று அவருக்கும் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். என் மனைவி கமலா எனக்குத் தினமும் சொல்கிறாள். சாப்பாடு போடும்போது இன்றும் சொன்னாள்.

திங்கட்கிழமை போய் எக்ஸ்டென்ஷன் மனுவை வாபஸ் வாங்கினால், தான் ஜெயித்துவிட்டதாக அருளப்பன் நினைப்பான். நினைத்துக்கொள்ளட்டும். சாம்பியனை மட்டும் மூன்றாம் இடத்துக்கு விடமாட்டேன்.