கல் தண்ணீரைத் தொடும் சத்தம்

பிப்ரவரி 9

அன்புள்ள பேட்டரிக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பதாக நம்பச் சொல்கிறீர்கள், நம்புகிறேன். இங்கே போன் எடுக்காது. தண்ணீர் லாரி வந்தால்தான் கடிதம் போகும், வரும்.

நம் நாடு புகையில்லாத பஸ் விடத் தேவையான லித்தியம் இந்த உப்பு வெளிக்கு அடியில், உவர்நீரில் கரைந்து கிடக்கிறது. அதைப் பம்பு வைத்து இறைத்துக் குளத்தில் விட்டால் மீதி வேலையை வெயில் பார்த்துக்கொள்ளும். நேற்று மழை. காலையில் உப்பின் மேல் விரற்கடைத் தண்ணீர், அதில் வானம் முழுக்கக் கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேகத்தின் மேல் நடந்தேன். உவர்நீர் எடுக்க ஊராரோடு ஒப்பந்தம் பேச வந்தவள் என்பதே மறந்துபோயிற்று.

ஊரார் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

உங்கள் உப்புக்காரி

மார்ச் 1

மேகத்தின் மேல் நடக்கும் மகாராணிக்கு,

கொஞ்சம் கீழே இறங்கு. சரக்கில்லாமல் எங்கள் பேட்டரி லைன் ஈ ஓட்டுகிறது. ஃபோர்மேன் என்று பேர், மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். "என்னப்பா, வீட்டம்மா கையெழுத்து வாங்கிட்டாங்களா?" என்று மேனேஜர் உயிரை வாங்குகிறார். வாங்காவிட்டால் லைனோடு என்னையும் மூடிவிடுவார்கள். தலைகீழாக நின்றாவது முடி. வெறுங்கையோடு மட்டும் வராதே.

சண்டை போடக்கூட வீட்டில் ஆளில்லை.

உன் பேட்டரிக்காரன்

ஏப்ரல் 14

அன்புள்ளவருக்கு,

கையெழுத்தாகிவிட்டது. சோதனைக்காக முன்பே இறைத்துக் காயவிட்டிருந்த குளத்துச் சரக்கு உடனே கிளம்பும். ஆனால் ஊர்க் கிணற்றைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். "காகிதத்தையா குடிக்கப் போறோம்? நீங்க உறிஞ்சி எங்க கிணறு இறங்கினா யாரு பார்ப்பா? நீ இரு" என்றார்.

அதனால் பம்பு ஓடும்வரை நான் இங்கே. வாராவாரம் கல் கட்டிய கயிற்றை அம்மா கிணற்றில் இறக்குவார். நான் குப்புறப் படுத்து, கல் தண்ணீரைத் தொடும் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும். கல் தொடும் முன்பே கயிற்றின் சிவப்பு முடிச்சு கிணற்றுக்குள் போய்விட்டால் நீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம், பம்பை நிறுத்த வேண்டும். நீர் பழையபடி ஏறும்வரை நானும் நகரக்கூடாது.

உங்களைக் கேட்காமல் சரி என்றேன். கோபமா?

உப்புக்காரி

ஜூன் 20

உப்புக்காரிக்கு,

கோபம்தான். சரக்கு வந்தது, லைன் ஓடுகிறது. ஊரே உன்னைப் புகழ்கிறது, எனக்கு மட்டும் வயிறு எரிகிறது. நம் பேட்டரி போட்ட முதல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை போனேன். சத்தமே இல்லை. பக்கத்து சீட்டில் என் பையை வைத்து, வேறு யாரையும் உட்கார விடவில்லை. கையெழுத்தைக் கேட்டு வாங்கியவன் நான், யாரை நோவது?

பேட்டரிக்காரன்

அக்டோபர் 5

அன்புள்ளவருக்கு,

பம்பை நிறுத்திவிட்டேன்.

சிவப்பு முடிச்சு அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. "தொட்டுச்சா?" என்றார். அவருக்குக் காது மந்தம். கேட்பவள் நான் ஒருத்திதான். தொட்டுவிட்டது என்று ஒரு பொய் போதும். உங்கள் லைன் கண்முன் வந்தது. கிணற்றுக்குள் என் மூச்சுதான் கேட்டது. "இன்னும் இல்லம்மா" என்றேன். முடிச்சு உள்ளே போயிற்று.

உங்கள் வேலையில் மண்ணைப் போட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டாம், பதில் மட்டும் போடுங்கள். லாரி வரும்போதெல்லாம் போய் நிற்கிறேன்.

உப்புக்காரி

நவம்பர் 11

என் உப்புக்காரிக்கு,

லைனை மூடிவிட்டார்கள். "எவன்யா பம்பை நிறுத்தினது?" என்று ஒருத்தன் கத்தினான். "எவனும் இல்ல, எம் பொண்டாட்டி" என்றேன். பிறகு வீட்டுக்கு வந்து வாய் வலிக்கும்வரை உன்னைத் திட்டினேன். திட்டிக்கொண்டே தூங்கிப்போனேன். கனவில் நீ வானத்தின் மேல் நடக்கிறாய். நான் உனக்கு நேர்கீழே தலைகீழாக, உன் பாதத்தோடு பாதம் வைத்து நடக்கிறேன். தலைகீழாக நிற்கச் சொன்னது நான்தானே.

வேலை போனவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன? இத்தனை வருஷம் மெஷின் சத்தத்தில் இருந்தும் என் காது நல்ல காதுதான். அடுத்த தண்ணீர் லாரியில் கடிதம் இருக்காது. டிரைவர் பக்கத்தில் பார்.

இனி அம்மா ஓய்வெடுக்கட்டும். கயிற்றை நீ இறக்கு. நான் படுத்துக் கேட்டுச் சொல்கிறேன்.

உன் பேட்டரிக்காரன்